மாதச் சம்பளம் இல்லாதவருக்குக் கடன் கொடுப்பவர் யார்?



மாதம் பிறந்தால் சம்பளம் என்ற நிலையில் இருப்போர் நம் மஹல்லாக்களில் எத்தனை பேர் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். தையற்காரர், பிரியாணி மாஸ்டர், திருமணப் புகைப்படக்காரர், வண்ணம் பூசுபவர், வீட்டிலிருந்தபடியே துணியில் பூவேலை செய்து கொடுக்கும் சகோதரிகள், ஒரு கணினியை வைத்துக்கொண்டு வெளியூர் நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் இளைஞர்கள் என நம்மில் பெரும்பாலோர் வேலை வந்தால் வருமானம், வராவிட்டால் பொறுமை என்று வாழ்பவர்களே. இவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால், சம்பளக்காரர் ஒருவருக்குச் சமமாகவே சம்பாதித்திருப்பார்கள். ஆனால் அந்த வருமானம் பன்னிரண்டு மாதங்களுக்கும் சமமாகப் பிரிந்து வருவதில்லை. குறை அவ்வளவுதான்.

இத்தகைய ஒருவருக்கு அவசரமாகக் கடன் தேவைப்பட்டால் அவர் எங்கே போவார்? வங்கி சம்பளச் சான்று கேட்கிறது. உறவினர் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றனர். பள்ளிவாசலின் பைத்துல்மால் ஜாமீன் கேட்கிறது. மாலையில் மோட்டார் சைக்கிளில் வரும் தண்டல்காரர் மட்டும் எதையும் கேட்பதில்லை. கையெழுத்து ஒன்றைப் பெற்றுக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறார்.

எங்கள் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் தயக்கத்துடன்தான் சொல்கிறேன்.

திருப்பி அனுப்பப்பட்ட தையற்காரர்

காலையிலும் மாலையிலும் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பது என் பணி. இஷாவுக்குப் பிறகு பைத்துல்மாலின் வரவு செலவு ஏட்டை எழுதுவதும் சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருந்து வருகிறது. ஒரு ரஜப் மாதக் கடைசியில் தையற்காரர் ஒருவர் வந்து 30,000 ரூபாய் கடன் கேட்டார். ரமலானுக்குத் துணிகள் குவியும்; ஓரம் அடிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது; கடை வாடகையும் பாக்கி. அவர் சொன்ன காரணங்கள் அனைத்தும் உண்மை என்பது எங்களுக்குத் தெரியும்.

நிர்வாகிகள் வழக்கப்படி மூன்று கேள்விகளைக் கேட்டனர். மாத வருமானம் எவ்வளவு? அடமானம் வைக்க நகை உண்டா? சம்பளக்காரர் இருவர் ஜாமீன் நிற்பார்களா? முதல் கேள்விக்கு அவரால் ஓர் எண்ணைச் சொல்ல இயலவில்லை. மற்ற இரண்டிற்கும் இல்லை என்றார். "ஹழ்ரத், என்னிடம் இருப்பது கத்திரிக்கோலும் கைத்தொழிலும்தான். அதை ஜாமீனாக எடுத்துக்கொள்வீர்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். விண்ணப்பம் மறுக்கப்பட்டதாக ஏட்டில் எழுதியதும் என் கைதான்.

ஷஅபான் பிறந்ததும் அவர் தண்டல் வாங்கினார். எழுதியது 30,000, கையில் கிடைத்தது 25,500. நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம் 100 நாட்கள் செலுத்த வேண்டும். ஷஅபானிலும் ரமலானிலும் தையல் இயந்திரம் ஓயாமல் ஓடியதால் தவறாமல் கட்டிவிட்டார். பெருநாள் முடிந்தது; துணியும் நின்றது. இன்னும் ஏறத்தாழ 40 நாட்கள், 12,000 ரூபாய்க்கு மேல் பாக்கி. அதை அடைக்க இன்னொரு தண்டல். அதை அடைக்கத் தையல் இயந்திரம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே கடையைக் காலி செய்துவிட்டு அவர் திருப்பூருக்குப் போய்விட்டார். இன்றும் அங்கே பனியன் கம்பெனி ஒன்றில் கூலிக்குத் தைத்து வருகிறார்.

அந்தத் தண்டலின் கணக்கை நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 25,500 பெற்று 30,000 செலுத்துவதால் 4,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருகிறது. முழுத் தொகையும் நூறு நாட்கள் அவரிடம் இருக்கவில்லை. அந்த முறையில் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120 விழுக்காட்டிற்கும் மேலாகிறது! வட்டியை விலக்கப்பட்டதாக நம்பும் சமுதாயம், வட்டியில்லாப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, தன் சகோதரனை இந்த வாசலுக்கு அனுப்பி வைத்தது.

கடன் கேட்பது இழிவா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடன் சுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி வந்தார்கள் என்பதை ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. கடனாளி பேசினால் பொய் சொல்லவும், வாக்களித்தால் மாறு செய்யவும் நேர்ந்துவிடுகிறது என்று அதற்கு அவர்களே காரணமும் கூறினார்கள். அதே நபியவர்கள் தம் குடும்பத்தின் உணவுக்காகக் கவச உடையை யூதர் ஒருவரிடம் ஈடாக வைத்து வாற்கோதுமை வாங்கியதையும், அவர்கள் மறைந்தபோது அக்கவசம் ஈட்டிலேயே இருந்ததையும் அதே நூல்கள் கூறுகின்றன. ஆகவே தேவைக்குக் கடன் வாங்குவது இழிவன்று. தேவையில்லாமல் வாங்குவதும், அடைக்கும் வழியைச் சிந்திக்காமல் வாங்குவதுமே தவிர்க்க வேண்டியவை.

திருமறையின் 2ஆம் அத்தியாயம் 280ஆம் வசனம், கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. 282ஆம் வசனம் கடனைத் தவணையுடன் எழுதிக்கொள்ளவும், சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் பணிக்கிறது. இந்த இரண்டும் அருகருகே வருவதைக் கவனியுங்கள். எழுத்தில் கண்டிப்பு வேண்டும். வசூலில் இரக்கம் வேண்டும். நாமோ பல ஊர்களில் இதைத் தலைகீழாக நடத்தி வருகிறோம்.

கடனுக்கு முன் மூன்று கேள்விகள்

1. இந்தச் செலவைக் கடன் இல்லாமல் சமாளிக்க வழி உண்டா? மருத்துவச் செலவுக்காகவே பல குடும்பங்கள் தண்டலில் விழுகின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி உண்டு. நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவதைவிட இன்றே பதிந்து வைப்பது நலம். தையற்காரர், ஓட்டுநர், கட்டுமானத் தொழிலாளர் போன்றோருக்குத் தமிழக அரசின் நல வாரியங்கள் உள்ளன. பிள்ளைகளின் கல்வி, திருமணம் ஆகியவற்றுக்கு அங்கே கிடைப்பது திருப்பிச் செலுத்த வேண்டாத உதவித் தொகை. ஆதரவற்ற பெண்களுக்கு உதவ, மாவட்ட ஆட்சியரின் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் இயங்குகின்றன.

2. இந்தக் கடன் வருமானத்தைப் பெருக்குமா, அல்லது செலவோடு கரைந்து போகுமா? ஓரம் அடிக்கும் இயந்திரம் தன் விலையைத் தானே சம்பாதித்துத் தரும். மண்டபத்து அலங்கார விளக்கு அவ்வாறு தராது.

3. வீட்டு நகையை ஈடாக வைக்க எண்ணுகிறீர்களா? அது மனைவியின் மஹராகவோ பெற்றோர் அளித்த உடைமையாகவோ இருந்தால், அவருடைய மனமுவந்த சம்மதமின்றித் தொடும் உரிமை கணவனுக்கு இல்லை. நகையைப் பெற்றுக்கொண்டு வட்டியின்றிக் கடன் கொடுக்கும் அமைப்பு உங்கள் ஊரில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

வருமானக் கணக்கை எழுதுவது எப்படி?

"மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்விக்கு அந்தத் தையற்காரரால் பதில் சொல்ல முடியாமற் போனது அவர் குற்றமன்று. கேள்விதான் தவறானது. "போன ஆண்டு ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வந்தது?" என்று கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பன்னிரண்டு வரிகள் எழுதுங்கள். கடை வாடகை, நூல், மின்சாரம் போன்ற தொழிற்செலவு போக மிஞ்சியதை மாதவாரியாகக் குறியுங்கள். எடுத்துக்காட்டாக ஒருவருக்கு ரமலான் மாதத்தில் 46,000, தீபாவளிக்கு முன் 29,000, பள்ளிக்கூடம் திறக்கும் வேளையில் 28,000, ஆவணி முகூர்த்தத்தில் 25,000 வருகிறது என்று கொள்வோம். மற்ற எட்டு மாதங்களில் 15,000 முதல் 17,000 வரை, சராசரியாக 16,000 வருகிறது. ஆண்டு வருமானம் 2,56,000. மாதச் சராசரி ஏறத்தாழ 21,300. வீட்டுச் செலவு மாதம் 14,000.

சராசரியைப் பார்ப்பவர், "மாதம் 7,000 மிஞ்சுகிறதே, 2,500 ரூபாய்த் தவணை எளிதுதானே" என்பார். ஆனால் 15,000 வரும் மாதத்தில் மிஞ்சுவது 1,000 மட்டுமே. அந்த மாதத்தில்தான் தவணை தவறும். தவறிய தவணைக்காக இன்னொரு கடன் பிறக்கும். எனவே நிலையற்ற வருமானம் உடையோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு: தவணையைச் சராசரி மாதத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள்; மிகக் குறைந்த மாதத்தைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

இவர் 30,000 ரூபாயை ஓராண்டில் அடைக்க இயலும். எட்டு மந்த மாதங்களில் 1,000 வீதம் 8,000. நான்கு நல்ல மாதங்களில் 5,500 வீதம் 22,000. மொத்தம் 30,000. எந்த மாதத்திலும் அடுப்பு அணையாது. இந்தத் தாளுடன் அவர் அன்று வந்திருந்தால், அல்லது நாங்களே அவரை உட்கார வைத்து எழுதியிருந்தால், முடிவு வேறாக இருந்திருக்கும்.

இத்துடன் சில ஆவணங்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தரும் பணத்தைக் கையில் வாங்கிச் செலவழிக்காமல், இயன்றவரை ஒரே வங்கிக் கணக்கில் செலுத்தி வாருங்கள். ஓராண்டுப் பாஸ்புத்தகம் உங்களுக்குச் சம்பளச் சான்றாக நிற்கும். வேலைக்குத் தேதியிட்ட ரசீது கொடுத்து அதன் நகலை வைத்திருங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசமானது. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிடினும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யலாம். கடன் கேட்கும்போது அது பயன்படும். உங்களுடைய பழைய கடன்களின் வரலாற்றைக் காட்டும் அறிக்கையை, அதற்கென இயங்கும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

வட்டியில்லாக் கடன் நடைமுறைக்கு ஏற்றதா?

"ஹழ்ரத், இதெல்லாம் சொற்பொழிவுக்குச் சரி, நடக்குமா?" என்று கேட்போருக்கு நடந்துவரும் சான்றுகளையே காட்டலாம். உத்தரப் பிரதேசத்தின் தேவ்பந்தில் 1961இல் தொடங்கப்பட்ட முஸ்லிம் ஃபண்ட், மக்களின் சிறுசேமிப்பை வட்டியின்றிப் பெற்று, நகை ஈட்டின் பேரில் வட்டியில்லாக் கடன் வழங்கும் வழியைக் காட்டியது. பாகிஸ்தானின் லாகூரில் 2001ஆம் ஆண்டு டாக்டர் அம்ஜத் சாகிப் தொடங்கிய அகுவத் அமைப்பு, ஓர் ஏழை விதவைக்கு 10,000 ரூபாய் கொடுத்துத் தன் பணியை ஆரம்பித்தது. பள்ளிவாசல்களையே கடன் வழங்கும் இடமாகக் கொண்டு அது வளர்ந்தது. அதன் நிறுவனருக்கு 2021இல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

நம் ஊர்ப் பைத்துல்மால்களிலும் இது நடக்கக் கூடியதே. தையற்காரரின் நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் நிர்வாகிகள் கூடிப் பேசிச் செய்துகொண்ட மாற்றங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, சம்பளக்காரர்தாம் ஜாமீன் நிற்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டோம். ஒரே தொழில் செய்யும் ஐவர் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் போதும். ஒரு தையற்காரரின் நாணயம் இன்னொரு தையற்காரருக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, கடன் கேட்பவர் மூன்று மாதங்களுக்குச் சிறுதொகை சேமித்துக் காட்ட வேண்டும். நாள் ஒன்றுக்கு 20 ரூபாயானாலும் சரி. இந்தப் பழக்கமே அவருக்கு முதல் ஜாமீன். உயிர்போகும் அவசரத்திற்கு மட்டும் இதில் விலக்கு.

மூன்றாவது, பன்னிரண்டு மாதத் தாளை எழுதி, பருவத்திற்கேற்பத் தவணை வகுக்கிறோம். இருவர் சாட்சியுடன் எழுதிக் கையொப்பம் பெறுகிறோம்.

நான்காவது, ஏட்டுச் செலவுக்காக வாங்கும் கட்டணம் எல்லாக் கடனுக்கும் ஒரே தொகைதான். சேவைக் கட்டணம் என்ற பெயரில் தொகைக்கும் காலத்திற்கும் ஏற்ப நூற்றுக்கு இவ்வளவு என வாங்கினால், பெயர் மாறிய வட்டிதான் அது. 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கடனுக்கான கட்டணம் உண்மையான செலவைத் தாண்டக் கூடாது என்று தீர்மானித்திருப்பதை நினைவிற்கொள்வோம்.

ஐந்தாவது, உண்மையாகவே நொடித்துப் போனவரை விரட்டுவதில்லை. ஸகாத் பெற உரிமையுடைய எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒருவர் என்பது திருமறையின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனத்தில் இடம்பெற்றுள்ளது. அத்தகையோருக்கு உதவும் முறையை உள்ளூர் உலமாக்களிடம் கேட்டுச் செய்கிறோம்.

நிர்வாகிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நன்கொடையைக் கொண்டு கடன் கொடுப்பது வேறு. பொதுமக்களிடம் வைப்புத் தொகை வசூலிப்பது வேறு. அனுமதியின்றி வைப்புத் தொகை பெறுவதை 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. அந்த அளவுக்கு விரிவடைய விரும்பும் ஊர்கள் சட்டம் அறிந்தவரைக் கலந்து, முறையாகப் பதிவு செய்துகொண்டே இறங்க வேண்டும்.

வெளியில் வாங்க நேர்ந்தால்

அரசு வழியாகவும் கடன் கிடைக்கிறது. 1994இல் அமைந்த தேசியச் சிறுபான்மையினர் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் பணத்தை, 1999இல் அமைந்த தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோ தொழில் செய்வோருக்கு வழங்குகிறது. இதற்கான விவரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள சிறுபான்மையினர் நலப் பிரிவிலும் கூட்டுறவு வங்கிகளிலும் கிடைக்கும். இதன் முதல் வகைத் தனிநபர் கடனுக்கு ஆண்டு வட்டி 6 விழுக்காடு. 2015இல் வந்த முத்ரா திட்டத்தில் ஈடின்றி வங்கிக் கடன் கிடைக்கிறது. அதன் முதற்படி 50,000 ரூபாய் வரை. இவை இரண்டிலும் வட்டி உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆகவேதான் இவற்றை முதல் வழியாகச் சொல்லவில்லை. உங்கள் நிலையை மார்க்க அறிஞரிடம் விளக்கி முடிவு செய்யுங்கள். தகவல் தெரியாத காரணத்தால் மட்டும் ஒருவர் 120 விழுக்காட்டில் போய் விழக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

எங்கே வாங்கினாலும் கீழ்க்கண்டவற்றை மறவாதீர்கள்.

"12 விழுக்காடுதான்" என்றால், எந்த முறையில் என்று கேளுங்கள். ஒரு லட்ச ரூபாய்க்கு இரண்டு ஆண்டுகளுக்கும் முழு அசலின் மீதே 12 விழுக்காடு போட்டால் வட்டி 24,000. மாதத் தவணை ஏறத்தாழ 5,167. அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால் அது உண்மையில் 21 விழுக்காட்டையும் தாண்டுகிறது.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடனுக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

குழுக் கடன் எனப்படும் நுண்கடனுக்கு 2022 முதல் தனி விதிகள் உள்ளன. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு கேட்கக் கூடாது. எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் விதிக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. வீட்டில் தனியே இருக்கும் சகோதரிகள் இதை அறிந்திருப்பது அவசியம்.

கைப்பேசிச் செயலிகளில் ஐந்து நிமிடத்தில் கடன் என்ற ஆசை வார்த்தைக்கு மயங்காதீர்கள். உங்கள் தொலைபேசியில் உள்ள பெயர்ப் பட்டியலையும் படங்களையும் கேட்கும் செயலி, நாளை உங்கள் மானத்தை ஈடாக வைத்துக்கொள்ளும். அவற்றைத் தொடக் கூடாது என்பதே ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டப்பட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். வங்கிகள், நிதி நிறுவனங்கள் மீதான குறைகளுக்கு ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண் உள்ளது.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய பெயர்களில் மிகைவட்டி வாங்குவதைத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. குற்றத்துக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மானத்துக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடுவதைவிட, ஜமாஅத் நிர்வாகி ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காவல் நிலையம் செல்வது மேல்.

ரஜபுக்கு முன்...

எங்கள் ஏட்டில் இப்போது பூவேலை செய்யும் சகோதரிகள் ஐவரின் பெயர் ஒரு பக்கத்திலும், புகைப்படக்காரர் ஒருவரின் பெயர் மறு பக்கத்திலும் இருக்கின்றன. தவணை சில நேரம் பிந்துவதுண்டு. காரணத்தை எழுதி அடுத்த மாதத்துக்கு மாற்றுகிறோம். அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் பழைய பக்கம் ஒன்றும் கண்ணில் படுகிறது. "மறுக்கப்பட்டது" என்று என் கையால் எழுதிய வரி அது. அதை அடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

வாசகர்களே! உங்கள் மஹல்லாவின் பைத்துல்மால் பெட்டியில் எவ்வளவு பணம் உறங்குகிறது என்று இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கேளுங்கள். உங்கள் தெருவில் இருக்கும் தையற்காரரை அழைத்துப் பன்னிரண்டு வரிகளை எழுத வையுங்கள். ரஜபுக்கு முன்பே செய்யுங்கள். ஷஅபானில் தண்டல்காரர் வந்துவிடுவார்.

கடன்பட்டோரின் சுமையை இலேசாக்கவும், கொடுப்போரின் பொருளில் பரக்கத் செய்யவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!